ஒன்றுக்கு நூறு

படைகளின் வரலாற்றைப் படையினரே எழுதிக்கொள்வது உலகெங்கும் உள்ள வழக்கம். எந்தப் பட்டாளம் எந்த ஆண்டில் திரட்டப்பட்டது, எந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது, எந்த ஆற்றைக் கடந்தது, யாருக்கு எந்தப் பதக்கம் கிடைத்தது என்பனவெல்லாம் அந்நூல்களில் ஒழுங்காக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். எதிரியோடு களத்திலே பொருதிய நாள்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால், அதே படை வென்ற நாட்டிலோ அடக்கப்பட்ட மாவட்டத்திலோ ஆயுதமற்ற மக்களின் நடுவே காவலிருந்த மாதங்களுக்கு வந்ததும் எழுதுகோல் திடீரென்று சிக்கனம் பழகிவிடும். அமைதி நிலைநாட்டப்பட்டது என்ற ஒரே வாக்கியத்தோடு அந்த அத்தியாயம் முடிந்துவிடும்.

அந்த வாக்கியத்தின் உள்ளே என்ன அடங்கிக் கிடக்கிறது என்று கேட்பதற்கு இரத்தோட்டைவாசியான எனக்கு ஓரளவு உரிமை உண்டென்று கருதுகிறேன். மிளகும் ஏலமும் விளையும் இந்தச் சிறு மலைப்பட்டினம் பெரும் போர்க்களம் எதற்கும் பெயர் பெற்றதன்று. ஆயினும், 1848ஆம் ஆண்டிலே மாத்தளை வட்டாரம் முழுவதும் பத்து வாரங்களுக்கு மேலாக ஒரு பட்டாளத்தின் கையில் இருந்தது. அரசனாக முடிசூட்டப்பட்ட கொங்காலேகொட பண்டா அவ்வாண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் பிடிபட்ட எல்கடுவ, எங்கள் ஊருக்குத் தெற்கே மலைமேல் இருக்கிறது. பல்லாண்டு காலம் வகுப்பறையில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அக்கிளர்ச்சியைப் பற்றி மாணவரிடம் கேட்டால் வீரர்களின் பெயரைத் தவறாமல் சொல்வார்கள். வரிகளின் பட்டியலையும் ஒப்பித்துவிடுவார்கள். கிளர்ச்சி முறிந்த பிறகு இந்தக் கிராமங்களிலே படை என்ன செய்தது என்று கேட்டால் வகுப்பு மௌனமாகிவிடும். மாணவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாம் எழுதிவைத்தது அவ்வளவுதான்.

கதையின் முற்பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1847இல் பிரித்தானியாவை உலுக்கிய பொருளாதார நெருக்கடியில் கோப்பி விலை சரிந்தது. கோப்பியை நம்பிச் செலவு செய்த இலங்கை அரசாங்கத்தின் கருவூலம் வற்றியது. புதிதாக வந்த தேசாதிபதி டொரிங்டன் பிரபு, தோட்டக்காரரின் நட்டத்தை ஈடுசெய்யக் குடியானவனின் குடிசைக்கு வந்தார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, படகுக்கும் வண்டிக்கும் வரி. இவை போதாவென்று, ஆண்டுக்கு ஆறு நாள் தெருவேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று ஷில்லிங் கட்ட வேண்டும் என்ற சட்டமும் வந்தது. காட்டோரத்துச் சேனையைப் பன்றியிடமிருந்து காப்பதற்கு ஒரு நாயும் ஒரு பழைய துப்பாக்கியும் வைத்திருந்தவனுக்கு இந்த வரிகள் எப்படித் தோன்றியிருக்கும் என்பதை மலைநாட்டில் வாழ்வோருக்கு விளக்க வேண்டியதில்லை.

ஜூலை 26ஆம் நாள் தம்புள்ளை விகாரையில் பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். 28ஆம் நாள் மாத்தளையில் அரசாங்க அலுவலகங்கள் தாக்கப்பட்டன. மறுநாளே, கண்டியிலிருந்து வந்த கப்டன் லில்லியின் படை வாரியப்பொலவில் கிளர்ச்சிக்காரரை எதிர்கொண்டு சிதறடித்தது. குருநாகலிலும் இதுவே நடந்தது. பிடிபட்ட புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1978இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அவருடைய கதையைத் திரைப்படமாக எடுத்தபின், அவர் பெயரை அறியாத பிள்ளைகள் இந்நாட்டில் இல்லையெனலாம்.

நான் சொல்ல வந்த கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆகஸ்ட் பிறந்தபோதே கிளர்ச்சியின் முதுகெலும்பு முறிந்துவிட்டது. ஆனால் ஜூலை 29ஆம் நாள் பிறப்பிக்கப்பட்ட இராணுவச் சட்டம் அக்டோபர் 10ஆம் நாள் வரை நீக்கப்படவில்லை. சண்டை நடந்தது சில நாள்கள். காவல் நடந்தது எழுபது நாள்களுக்கு மேல். எதிரி இல்லாத நிலத்திலே ஒரு படை எழுபது நாள் என்ன செய்துகொண்டிருக்கும்?

மாத்தளையில் பொறுப்பேற்றிருந்தவர் கப்டன் வாட்சன். கிளர்ச்சியில் சேர்ந்தோரும், அஞ்சிக் காட்டுக்குள் ஓடியோரும் ஒரே கணக்கில் வைக்கப்பட்டனர். வீட்டில் இல்லாதவனின் சொத்து பறிமுதலாயிற்று. நெல்லும் கால்நடையும் ஏலத்தில் போயின. தலைமறைவானவரின் உடைமைகளை ஒளித்து வைத்தோர் சுடப்படுவர் என்று அச்சுறுத்தும் சிங்கள அறிவித்தல்கள் வாட்சனின் கையொப்பத்தோடு பரவின. அக்கையொப்பம் தம்முடையதன்று என்று அவர் பின்னர் மறுத்தார். கடல் கடந்து பிரித்தானிய நாடாளுமன்றம் வரைக்கும் அந்தக் கையொப்ப வழக்குப் போயிற்று. எழுத்து யாருடையது என்று அங்கே ஆராய்ந்தார்கள். அறிவித்தலைப் படித்துவிட்டு நெல்லை எங்கே ஒளிப்பது என்று தவித்த கிராமத்தவனுக்கு அந்த ஆராய்ச்சி எவ்வாறு உதவியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு.

கண்டியில் ஆகஸ்ட் 26ஆம் நாள் குடாபொல என்னும் பிக்கு, காவியுடையோடு நிறுத்திச் சுடப்பட்டார். கிளர்ச்சித் தலைவன் இருக்குமிடத்தை அறிந்தும் மறைத்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட பெருங்குற்றங்களுள் ஒன்று. விசாரணையைக் கண்ட வழக்கறிஞர் சிலர், அவர் குற்றமற்றவர் என்று நம்பித் தண்டனையைத் தாமதப்படுத்துமாறு வேண்டினர். ஊரிலுள்ள வழக்கறிஞர் அனைவரும் சொன்னாலும் மறுநாட் காலை அவர் சுடப்படுவது உறுதி என்று தேசாதிபதி மறுமொழி கூறினாராம். நாடாளுமன்றத்திலே டொரிங்டனின் பெயரை நாறடித்த பேச்சு அதுவே. ஒரு மனிதனுடைய உயிரின் நியாயத்தை விசாரிக்க ஒரு நாள் அவகாசம் கொடுத்தால் ஆட்சியே சரிந்துவிடும் என்று அஞ்சியவர்கள், அப்போது எதிரே ஒரு துப்பாக்கிகூட நீட்டப்படாத நிலையிலேதான் அப்படி அஞ்சினார்கள்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். மக்கள் தரப்பிலே இறந்தோர் ஏறத்தாழ இருநூறு பேர். இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்பால் சுடப்பட்டோர் பதினெண்மர். கசையடி பட்டோர், சிறைப்பட்டோர், நாடுகடத்தப்பட்டோர் வேறு. படைத்தரப்பிலே இறந்தவர் ஒருவருமில்லை. காயமுற்றவர் ஒரே ஒருவர். இதைப் போரென்று அழைப்பதா? போரென்றால் இரு பக்கமும் இழப்பு இருக்க வேண்டும் அன்றோ!

இழப்புகளை இவ்வாறு பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்க எனக்கு முதலில் தூண்டுதலாக இருந்தது நம் நாட்டு வரலாறன்று. இரண்டாம் உலகப் போரிலே சேர்பியாவில் காவலுக்கு நிறுத்தப்பட்ட ஜேர்மனியக் காலாட்படைப் பிரிவொன்றின் கதையே அது. 717 என்ற எண் கொண்ட அப்பிரிவு 1941ஆம் ஆண்டின் முற்பகுதியில் திரட்டப்பட்டது. எழுநூறு வரிசையில் எண் பெற்ற பிரிவுகள் முன்னணிப் போருக்கென்று அமைக்கப்பட்டவை அல்ல. மற்றப் பிரிவுகளில் மூன்று பட்டாளங்கள் இருந்தால் இவற்றில் இரண்டே இருந்தன. வயது சென்றவர்கள், குடும்பத்தலைவர்கள், குறைந்த பயிற்சி பெற்றவர்கள் இவற்றில் சேர்க்கப்பட்டனர். வாகனங்களும் பீரங்கிகளும் குறைவு. 717ஆம் பிரிவில் ஒஸ்திரியர் பலர். வென்ற நாட்டின் இருப்புப்பாதையையும் சுரங்கத்தையும் பாலத்தையும் காவல் காப்பது அவர்களுக்கு இடப்பட்ட பணி.

அந்த ஆண்டின் கோடையில் சேர்பியாவிலே கிளர்ச்சி மூண்டது. காவற்படை திகைத்தது. செப்டெம்பரில் அங்கே அதிகாரியாக அனுப்பப்பட்ட ஜெனரல் பிரான்ஸ் பேமே, அக்டோபர் 10ஆம் நாள் ஒரு கட்டளை விடுத்தார். கொல்லப்படும் ஒவ்வொரு ஜேர்மனியனுக்கும் நூறு பேர். காயமுறும் ஒவ்வொருவனுக்கும் ஐம்பது பேர். சில நாள்களின் பின் கிராகுயெவாட்ஸ் நகரின் அருகே நடந்த மோதல்களில் பத்து ஜேர்மனியர் இறந்தனர். இருபத்தாறு பேர் காயமுற்றனர். நான்காம் வகுப்புப் பிள்ளை செய்யும் பெருக்கல் இது. பத்தை நூறால் பெருக்கினால் ஆயிரம். இருபத்தாறை ஐம்பதால் பெருக்கினால் ஆயிரத்து முந்நூறு. கூட்டினால் இரண்டாயிரத்து முந்நூறு. முதலில் அந்நகரின் யூதரையும் பொதுவுடைமைக் கட்சியினரையும் பிடித்தார்கள். எண்ணிக்கை போதவில்லை. தெருவிலும் வீட்டிலும் தொழிற்சாலையிலும் ஆண்களை வளைத்தார்கள். அதற்கும் பிறகு உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைந்து, மேல்வகுப்பு மாணவரை ஆசிரியர்களோடு நடத்திக்கொண்டு போனார்கள். அக்டோபர் 21ஆம் நாள் சுட்டு முடித்தபோது இறந்தோர் தொகை கட்டளைக் கணக்கையும் தாண்டி ஏறத்தாழ இரண்டாயிரத்து எண்ணூறாக இருந்தது. சேர்பியக் கவிஞர் தெசாங்கா மக்சிமோவிச் அந்த மாணவரை நினைத்து எழுதிய கவிதையை அந்நாட்டுப் பிள்ளைகள் இன்றும் அறிவர். அவரும் ஓர் ஆசிரியரே என்பதை இத்தாளைப் படிக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

அப்பிரிவின் கதை அதோடு முடியவில்லை. 1943இல் அது திருத்தி அமைக்கப்பட்டு, 117ஆம் எண் பெற்று, கிரேக்கத்துக்குப் போயிற்று. அங்கே அப்பிரிவின் எழுபதுக்கும் மேற்பட்ட வீரர்களைக் கெரில்லாப் படையினர் சிறைபிடித்துக் கொன்றனர். அதற்குப் பழிவாங்க, டிசெம்பர் 13ஆம் நாள் கலாவ்ரித்தா என்ற மலையூரில் பெண்களையும் குழந்தைகளையும் பள்ளிக்கூடத்தில் அடைத்துவிட்டு, ஆண்களையும் பதின்பருவச் சிறுவரையும் ஒரு மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டார்கள். இறந்தோர் நானூற்றுக்கும் மேற்பட்டோர். ஊருக்குத் தீ வைத்தார்கள். அந்தப் பள்ளிக்கூடம் இப்போது நினைவுக் காட்சிச்சாலையாக இருக்கிறது.

இதே எழுநூறு வரிசையிலே 707ஆம் பிரிவு என்றொன்று பெலாரசில் காவலிருந்தது. 1941ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஒரு மாதத்துக்கு அது கொடுத்த அறிக்கையிலே, பிடிக்கப்பட்டோர் 10,940 பேர், அவர்களுள் சுடப்பட்டோர் 10,431 பேர் என்று கண்டிருக்கிறது. தன் பக்கத்து இழப்பு இருவர் இறப்பு, ஐவர் காயம். கொல்லப்பட்டோருள் யூதர் மிகப் பலர். கெரில்லாக்களை ஒழித்த கணக்கு என்ற பெயரிலே இது எழுதப்பட்டது. பத்தாயிரம் கெரில்லாக்களோடு பொருதி இருவரை மட்டும் இழந்த படை உலக வரலாற்றில் உண்டா? அறிக்கை எழுதியவனே தன்னை அறியாமல் சாட்சி சொல்லிவிட்டான்.

இவ்விடத்தில் என் நண்பரொருவர் குறுக்கிட்டார். அவரும் ஆசிரியரே, சிங்கள நூல்களையும் கற்றவர். "மாஸ்டர், வாட்சனையும் பேமேயையும் ஒரே தராசில் வைக்கலாமா? இருநூறு எங்கே, பத்தாயிரம் எங்கே? ஓர் இனத்தையே பூண்டோடு அழிக்கக் கிளம்பியவர்களோடு இவர்களை ஒப்பிட்டால், அங்கே மடிந்தவர்களுக்கும் அநீதி, இங்கே மடிந்தவர்களுக்கும் அநீதி" என்றார். அவர் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். யூத இன அழிப்புக்கு நிகரென்று எதனையும் நான் இங்கே கூறவில்லை. இன்னொரு வேற்றுமையும் உண்டு. கொழும்பிலே ஒப்சேவர் பத்திரிகையின் ஆசிரியர் டாக்டர் எலியட் அரசாங்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். லண்டனில் நாடாளுமன்றக் குழு 1849ஆம் ஆண்டு முதலே சாட்சிகளை விசாரித்தது. 1850இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். ஹிட்லரின் ஜேர்மனியிலே இவற்றுள் ஒன்றையேனும் நினைத்துப் பார்க்க முடியுமா?

ஆனால், தராசு வேறு, அளவுகோல் வேறு. பாவத்தின் நிறையைத் தராசில் நிறுப்பது என் நோக்கமன்று. எந்தப் படையின் அறிக்கையையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம் என்கிறேன். காவலிருந்த படையின் இழப்பு எத்தனை, காக்கப்பட்டதாகச் சொல்லப்படும் மக்களின் இழப்பு எத்தனை என்று இரண்டையும் அருகருகே எழுதிப் பாருங்கள். ஒன்றுக்கு இருநூறு, இரண்டுக்குப் பத்தாயிரம் என்று வந்தால், அங்கே மக்கள் எல்லாரையுமே எதிரியாக எண்ணிய ஒரு கட்டளை இருந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அக்கட்டளை எழுத்திலே இருந்ததா, கப்டனின் மனத்திலே இருந்ததா என்பது அடுத்த கேள்வி.

அக்கட்டளையை நிறைவேற்றியவர்கள் யார் என்பதும் எண்ணிப் பார்க்கத்தக்கது. 717ஆம் பிரிவினர் பிறவிக் கொடியவர்கள் அல்லர். ஊரிலே கணக்கெழுதியவர்களும் கம்மாலை நடத்தியவர்களுமாக இருந்திருப்பார்கள். மொழி தெரியாத நாட்டிலே, ஆள்பலம் போதாத முகாமிலே, இரவில் எந்தப் பற்றையிலிருந்து வெடி வரும் என்று அஞ்சிக் கிடந்தார்கள். அந்த அச்சத்துக்கு மேலிடம் ஒரு வாய்பாடு கொடுத்தது. வாய்பாடு கிடைத்தபின் மனச்சாட்சிக்கு வேலை இருக்கவில்லை.

1848இல் மாத்தளையிலே நின்ற இலங்கைத் துவக்குப் பட்டாளத்தினர் பெரும்பாலும் மலாயர். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் தங்கள் ஊழியத்துக்கென்று தீவுகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய மக்களின் வழிவந்தவர்கள் அவர்கள். அந்நியன் ஒருவன் இன்னோர் அந்நியனைக் கொண்டு சுதேசியைக் காவல் செய்வித்தான். பட்டாளம் 1873இல் கலைக்கப்பட்டபின் அவர்களுட் பலர் தோட்டங்களிலும் பொலிசிலும் வேலை தேடிப் போயினர். இதைப் படித்துவிட்டு மலாயரைச் சுட்டிக்காட்டும் தமிழர் சற்றுப் பொறுக்க வேண்டும். 1803இல் கண்டிமீது படையெடுத்தபோதும், 1818இல் ஊவாவிலே கிராமங்களைக் கொளுத்திப் பயிரை அழித்துக் கிளர்ச்சியை அடக்கியபோதும், சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் ஆங்கிலேயரின் படையில் இருந்தார்கள். அவர்களுள் நம் மொழி பேசியவர்களும் இருந்தனர். கொடுத்த சம்பளத்துக்குச் செய்த சேவகம் என்று அதை நாம் மறந்துவிட்டோம். ஊவாவின் குடியானவன் மறந்திருப்பானா?

நம் காலத்துக்கும் வரவேண்டும். 1987இல் இந்தியாவின் 54ஆம் காலாட்படைப் பிரிவு அமைதி காக்கவென்று யாழ்ப்பாணம் வந்தது. மாலை போட்டு வரவேற்றவர்கள் நம்மவர்களே. மூன்று மாதம் செல்லுமுன் போர் மூண்டது. அக்டோபர் 21ஆம் நாளும் மறுநாளும் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளே நோயாளரும் மருத்துவரும் தாதியரும் ஊழியருமாக அறுபது பேரளவில் மாண்டனர். இருபக்கத்துச் சூட்டின் நடுவே அகப்பட்டவர்கள் என்று படைத்தரப்பு சொல்லிற்று; உயிர் தப்பியவர்கள் சொன்ன கதை வேறு. கிராகுயெவாட்ஸ் நகரின் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டதும் ஓர் அக்டோபர் 21ஆம் நாள்தான். நாட்காட்டியின் தற்செயல் என்பதற்கு மேல் அதிலே பொருள் காண நான் முயலவில்லை. ஆனால் ஆண்டுதோறும் அந்த நாள் வரும்போது இரண்டையும் சேர்த்தே நினைக்கிறேன். நேர்மையாகப் பேசுவதானால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1990ஆம் ஆண்டு அதே அக்டோபர் மாதத்தில், வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியவர்கள் நம் பெயரால் ஆயுதம் தாங்கியவர்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரமே. கையில் துப்பாக்கியோடு ஊரைக் காவல் காத்தவன் எம்மவன் என்பதால் அளவுகோலை மாற்றிவிட முடியுமா?

சட்டம் இதற்கு என்ன செய்தது என்று கேட்கலாம். மெதுவாகத்தான் செய்தது. சேர்பியாவிலும் கிரேக்கத்திலும் பிணையாளிகளைக் கொன்ற ஜெனரல்களின் வழக்கு 1947ஆம் ஆண்டில் நியூரம்பேர்க்கில் தொடங்கி மறு ஆண்டிலே முடிந்தது. பேமே, விசாரணை தொடங்குமுன் சிறையிலே தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஏனையோருட் பலர் தண்டிக்கப்பட்டனர். ஆயினும், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பிணையாளிகளைக் கொல்வதை அன்றைய போர்வழக்குச் சட்டம் முற்றாக விலக்கவில்லை என்று நீதிமன்றமே கூற வேண்டியிருந்தது. படித்தவர்கள் வெட்கினார்கள். 1949இல் எழுந்த ஜெனீவா உடன்படிக்கை, பிணையாளிகளைப் பிடிப்பதையும், ஒருவன் செய்ததற்கு ஊரைத் தண்டிப்பதையும் வெளிப்படையாக விலக்கிற்று. வாட்சனின் மாத்தளைக்கு அது நூற்றொரு வருடம் பிந்தி வந்தது.

சட்டத்தைவிட மெதுவாக நகர்ந்தது வரலாற்றெழுத்து. போர் முடிந்தபின் ஜேர்மனியிலே பழைய படைவீரர் சங்கங்கள் தத்தம் பிரிவின் வரலாற்றை நூலாக்கின. பனியும் சேறும் தோழமையும் அவற்றில் நிரம்ப இருந்தன. பேமேயின் வாய்பாட்டைப் போன்றவற்றுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிதாயிற்று. 1995இல் ஹம்பேர்க் நகரின் ஆராய்ச்சி நிறுவனமொன்று சாதாரணப் படையினரின் செயல்களை நிழற்படங்களோடு ஊரூராகக் காட்சிக்கு வைத்தபோது நாடே கொந்தளித்தது. எங்கள் தந்தையர் அப்படிப்பட்டவர்கள் அல்லர் என்று முதியவர்கள் தெருவில் இறங்கினர். சில படங்கள் தவறாக விளக்கப்பட்டிருந்தமை தெரியவர, 1999இல் காட்சியை நிறுத்தி, திருத்தி, 2001இல் மீண்டும் வைத்தனர். அடிப்படை உண்மை மாறவில்லை. ஐம்பது வருடம் கழித்தேனும் கேட்டார்களே என்பது எனக்கு வியப்பு. நூற்றெழுபது வருடத்துக்கு மேலாகியும் நாம் மாத்தளையைக் கேட்கவில்லை.

கேட்பதற்கு வழி இல்லாமலில்லை. நாடாளுமன்றக் குழுவின் விசாரணை ஏடுகள் அச்சில் வந்தவை. சாட்சியம் சொன்ன அதிகாரிகளின் வாய்மொழி அவற்றில் அப்படியே கிடக்கிறது. வாட்சனின் அறிவித்தல்களைப் பற்றிய வழக்காடலும் அங்கே உண்டு. ஆங்கிலம் தெரிந்த உயர்வகுப்பு மாணவரொருவர் ஒரு விடுமுறைக் காலத்தில் அவற்றுள் ஒரு பகுதியைத் தமிழாக்கலாம். அயற் கிராமத்துச் சிங்கள மாணவரொருவர் அதே பகுதியைச் சிங்களத்தில் எழுதலாம். பழைய ஊர்ப்பெயரைச் சரிபார்க்க அவரன்றி நமக்கு வேறு துணை இல்லை. மாத்தளையில் வாழும் மலாய்க் குடும்பத்துப் பிள்ளையொன்று அந்தக் குழுவிலே சேருமானால் இன்னும் நன்று. தன் முன்னோர் எந்தச் சம்பளத்துக்கு, எந்த அச்சத்தோடு இந்த மலையேறினார்கள் என்பதை அப்பிள்ளையே எழுதட்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. அவர்களுடைய முன்னோர் தம்புள்ளை வழியாகக் கால்நடையாய் வந்து மாத்தளையை அடைந்த அதே பாதையில்தான் பண்டாவின் கூட்டமும் வந்தது. கோப்பிக்காகவே வரி வந்தது. கோப்பிக்காகவே கூலியும் வந்தான். பறிபோன நிலத்தவனும் பஞ்சத்தில் வந்தவனும் ஒருவரையொருவர் குற்றவாளியாகப் பார்க்கும்படி ஆயிற்று. ஏலம் போட்டவனை இருவருமே மறந்துவிட்டார்கள்.

இதையெல்லாம் பரீட்சையிலே கேட்கமாட்டார்களே என்று பெற்றோர் சொல்வர். கேட்கமாட்டார்கள்தான். புரன் அப்பு சுடப்பட்ட நாளைக் கேட்பார்கள்; அதற்கு ஒரு புள்ளி கிடைக்கும். ஏலத்தில் விலைபோன நெல் எந்த ஊர் நெல், அதை வாங்கியவன் யார், அவ்வாண்டு விதைநெல்லுக்கு அந்த வீட்டார் எங்கே போனார்கள் என்ற கேள்விகளுக்குப் புள்ளி இல்லை. மாத்தளை நகரிலே 1803ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் கட்டிய மக்டவல் கோட்டையின் வாயிலும் மதிற்பகுதியும் எஞ்சி நிற்கின்றன. உள்ளே இருப்பது ஒரு கல்லறைத் தோட்டம். அடுத்த முறை மாணவரை அங்கே அழைத்துச் செல்லும் ஆசிரியர், கல்லில் வெட்டிய பெயர்களை அவர்கள் படித்து முடித்தபின், வெளியே வந்து வாசலில் நின்று இந்தக் கேள்விகளையும் கேட்கட்டும்.